சுவரைத் தாண்டும் எண்ணெய்: வளைந்த பல்க்ஹெட் ஃபிட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறேன். ஐடிஐ முடித்துவிட்டு எங்களிடம் வரும் தம்பிகளுக்குப் பம்ப் தெரியும், சிலிண்டர் தெரியும், வால்வு கூட ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் ஹைட்ராலிக் மெஷினுக்கு எண்ணெயை அழுத்தி அனுப்பும் பவர்பேக்கின் (பம்பும் எண்ணெய் டேங்கும் சேர்ந்த பெட்டி) தகட்டைத் துளைத்துக்கொண்டு, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் நிற்கிற அந்த ஸ்டீல் துண்டை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. எண்ணெய் ஒழுகும்போதுதான் கண்ணில் படுகிறது. உடனே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பல்க்ஹெட் எல்போக்கள், அதாவது இப்படித் தகட்டைத் தாண்டி வளையும் ஃபிட்டிங்குகள், உள்ளே முற்றிலும் வேறாக இருக்க முடியும். அதனால் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

பல்க்ஹெட் என்பது கப்பல்காரர்களின் வார்த்தை. கப்பலின் உள்ளே அறை அறையாகப் பிரிக்கும் தடுப்புச் சுவருக்கு அந்தப் பெயர். அந்தச் சுவரைத் தாண்டி ஒரு குழாயைக் கொண்டுபோக வேண்டுமென்றால் வெறும் ஓட்டை போட்டு நுழைத்தால் போதாது. குழாய் ஆடும், ஓட்டையின் விளிம்பு அதை அறுக்கும், ஒரு பக்கம் யாராவது இழுத்தால் மறுபக்கம் இருக்கும் மூட்டு கழன்றுவிடும். அதனால் சுவரிலேயே ஒரு மூட்டை நட்டு போட்டு இறுக்கிவிட்டு, இந்தப் பக்கக் குழாயை இங்கேயும் அந்தப் பக்கக் குழாயை அங்கேயும் மாட்டினார்கள். வேலூர்க் கோட்டை மதிலில் வாசல் வைத்திருப்பதைப் போலத்தான். போவதும் வருவதும் அந்த ஒரு இடத்தில்தான், மதில் மட்டும் அசையாது. நம்முடைய மெஷினில் சுவர் என்பது பவர்பேக்கின் தகடு, மெஷின் பக்கவாட்டு பிளேட், கண்ட்ரோல் பெட்டியின் சட்டம், இப்படி ஏதாவது ஒன்று.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நேரான கால் ஒன்று, வழக்கத்தைவிட நீளமாக, முழுக்க மரை போட்டபடி இருக்கும். அதன் அடியில் ஒரு தோள், அதாவது ஓட்டைக்குள் நுழையாமல் தகட்டில் வந்து முட்டிக்கொள்ளும் அகலமான பகுதி. தோளுக்குப் பின்னால் உடம்பு 90 டிகிரியோ 45 டிகிரியோ திரும்பி, குட்டையான இன்னொரு காலாக முடியும். நீளமான காலை ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கத்திலிருந்து லாக் நட்டைப் போட்டு இறுக்கினால் தோளுக்கும் நட்டுக்கும் நடுவில் தகடு மாட்டிக்கொள்ளும். அதற்கப்புறமும் நீளக் காலில் மீதி மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் டியூபின் நட்டு அதில்தான் ஏறும். அந்தக் கால் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் புதியவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம், லாக் நட்டுக்கும் எண்ணெய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எண்ணெய் ஃபிட்டிங்கின் வயிற்றுக்குள் போகிறது, தகட்டைத் தொடுவதே இல்லை. "அண்ணே, ஒழுகுது, இந்த நட்டை இன்னும் அரைச் சுத்து இறுக்கட்டுமா?" என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்கள். வேண்டாம் தம்பி. ஒழுகுவது இரண்டு முனைகளில் இருக்கும் கோனில், அதாவது கூம்பாகச் சரிந்த வாயில், அல்லது ஓரிங் என்ற ரப்பர் வளையத்தில். லாக் நட்டின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான், அதை எவ்வளவு முறுக்கினாலும் கசிவு நிற்காது. தகட்டின் ஓட்டை வழியாகத் தண்ணீரோ தூசியோ உள்ளே போகக்கூடாது என்றால் தோளுக்கு அடியில் ஒரு சீல் வாஷர் போடலாம், அது தனி விஷயம். எண்ணெய் நிற்கும் டேங்கின் சுவரிலேயே துளை போடுவதாக இருந்தால் சாதாரண லாக் நட் மாடல் சரிப்படாது. அங்கே வெல்டிங் செய்யும் பல்க்ஹெட் வேண்டும். அது முலாம் பூசாமல் வரும். ஜிங்க் பூசியதை எடுத்து வெல்டிங் வைக்காதீர்கள், அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல், காய்ச்சலே வரும்.

சரி, வளைந்தது எதற்கு? நேரான பல்க்ஹெட் விலை குறைவு, எண்ணெய்க்கும் அதில் தடை குறைவு. அப்படியிருக்க ஏன் எல்போ வாங்க வேண்டும் என்பதற்குப் பதில் ஃபிட்டிங்கில் இல்லை, அதில் மாட்டப்போகும் ஹோஸில், அதாவது வளையும் ரப்பர் குழாயில் இருக்கிறது. நாம் அதிகமாகப் பயன்படுத்தும் இரண்டு கம்பிவலை போட்ட ஹோஸ், அதாவது 2எஸ்என் என்று அச்சடித்திருப்பது, அரை இஞ்ச் அளவில் 275 பார் வரை தாங்கும். ஆனால் அதை 180 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக்கூடாது. முக்கால் இஞ்ச் என்றால் 240, ஒரு இஞ்ச் என்றால் 300. இப்போது மனதில் கணக்குப் போடுங்கள். நேரான பல்க்ஹெட் தகட்டிலிருந்து வெளியே நீட்டுகிறது, அதில் ஹோஸின் நட்டும் கிரிம்ப் செய்த (நசுக்கிப் பிடித்த) மூடியும் சேர்ந்து ஒரு விரல் நீளம், அந்த மூடியை விட்டு வந்ததும் ஹோஸ் உடனே வளையக்கூடாது என்பதால் இன்னும் கொஞ்சம் நேர்ப்பகுதி, அதற்கப்புறம் 180 மில்லிமீட்டர் வளைவு. ஆக, அரை இஞ்ச் ஹோஸ் தகட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு அடி வெளியே வந்துதான் கீழே இறங்க முடியும். அந்த ஒரு அடியில்தான் எங்கள் இடத்தில் தோல் அடுக்கிய வண்டி போகும், வரும். வண்டி உரசாமல் இருக்க யாராவது ஒரு கயிற்றைப் போட்டு ஹோஸைத் தகட்டோடு சேர்த்து இழுத்துக் கட்டுவார்கள், ஹோஸ் மூடியின் ஓரத்தில் மடியும், ஆறு மாதத்தில் அதே இடத்தில் ரப்பர் வெடித்து உள்ளே இருக்கும் கம்பி தெரியும். ஹோஸை மாற்றுவார்கள், மறுபடியும் அங்கேயே வெடிக்கும். ஹோஸ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். 90 டிகிரி எல்போ ஒன்றைப் போட்டிருந்தால் ஹோஸ் தகட்டை ஒட்டி நேராகக் கீழே இறங்கியிருக்கும்.

அதனால் அளவு என்ன, மரை என்ன என்று கேட்பதற்கு முன்னால், மெஷினுக்கு எதிரில் நின்று ஹோஸ் எங்கே தொங்கப்போகிறது என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதையே வையுங்கள். வளைய வேண்டியது ஸ்டீல், ஹோஸ் அல்ல.

ஹோஸ் தகட்டை ஒட்டிக் கீழே போக வேண்டுமென்றால் 90. சற்றுத் தள்ளி இருக்கும் சிலிண்டருக்குச் சாய்வாகப் போக வேண்டுமென்றால் 45, அதில் எண்ணெய்க்கும் தடை குறைவு. எதிரே இரண்டு அடி காலி இடம் இருந்தால் நேரானதே போதும், எல்போவே வேண்டாம். சிலிண்டர் நகர்கிற மெஷினாக இருந்தால் அது முழுக்க வெளியே வந்த நிலையிலும் முழுக்க உள்ளே போன நிலையிலும் ஹோஸ் எப்படி நிற்கும் என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் நீளும் அல்லது சுருங்கும். 2 சதவீதம் நீளவும் 4 சதவீதம் சுருங்கவும் இடம் விட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. விறைப்பாக இழுத்து மாட்டிய ஒரு மீட்டர் ஹோஸ் 4 சென்டிமீட்டர் சுருங்கப் பார்த்தால் அந்த இழுவை முழுக்க எல்போவின் கழுத்தில்தான் விழும்.

வளைவைத் தகட்டுக்கு வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா என்பது அடுத்த கேள்வி. என் வழக்கம், வளைவு ஹோஸ் பக்கம் வெளியே, நீளக் கால் உள்ளே. உள்ளே வருவது பெரும்பாலும் ஸ்டீல் டியூப். டியூபைத் தேவையான கோணத்துக்கு பெண்டர் வைத்து நாமே வளைத்துக்கொள்ளலாம், அந்த வளைவு எல்போவைவிட எண்ணெய்க்கு இதமானது. எல்போவின் உள்ளே இரண்டு பக்கமிருந்தும் டிரில் போட்டிருப்பார்கள், இரண்டு துளைகளும் சந்திக்கும் இடம் கூரான மூலையாக இருக்கும். எண்ணெய் அங்கே மோதித் திரும்பும்போது அழுத்தம் கொஞ்சம் வீணாகி வெப்பமாக மாறும். ஒரு எல்போவில் அது பெரிய விஷயமில்லை. ஒரே லைனில் ஐந்தாறு எல்போக்களைச் சங்கிலி மாதிரி கோத்திருக்கும் மெஷின்களையும் பார்த்திருக்கிறேன், மே மாதத்து வேலூர் வெயிலில் அந்த பவர்பேக்கின் எண்ணெய் டேங்கில் கை வைக்க முடியாது. வெயிலும் சேர்ந்து எண்ணெய் நீர்த்துப்போக, பிரஸ் மெதுவாகிவிடும், எங்கெங்கோ கசியவும் ஆரம்பிக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. தகட்டில் நேரான பல்க்ஹெட்டைப் போட்டுவிட்டு, ஹோஸின் முனையையே 90 டிகிரியாக கிரிம்ப் செய்து வாங்குவது. மூட்டுகளின் எண்ணிக்கை கூடாது, நன்றாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை ஹோஸ் மாற்றும்போதும் அந்த முனைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும், இரண்டு முனைகளும் வளைந்தவை என்றால் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும் என்று கடையில் சரியாகச் சொல்ல வேண்டும். வருடம் ஒருமுறை ஹோஸ் மாற்றும் மெஷினில் நான் எல்போவைத் தகட்டிலேயே வைத்துவிடுவேன்.

இனி மரை. இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். ஹைட்ராலிக்கில் நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன. மில்லிமீட்டர் டியூபுக்கு வரும் 24 டிகிரி கோன், கட்டிங் ரிங் வகை, அதாவது நட்டை இறுக்கும்போது ஒரு ரிங் டியூபைக் கடித்துப் பிடிக்கும். இதற்கு ஐஎஸ்ஓ 8434-1 என்ற தரம், பழையவர்கள் டின் 2353 என்பார்கள். அமெரிக்க மெஷின்களில் வரும் 37 டிகிரி கோன், ஜேஐசி. முகம் தட்டையாக இருந்து அதில் ஓரிங் உட்காரும் ஓஆர்எஃப்எஸ், அதிர்வு அதிகமுள்ள இடத்துக்கு என்னைக் கேட்டால் இதுதான் சிறந்தது. அப்புறம் நம் ஊரில் எங்கும் கிடைக்கும் பிஎஸ்பி, 60 டிகிரி கோனோடு. இவை எல்லாவற்றிலும் பல்க்ஹெட் எல்போ வருகிறது. இவற்றில் மரை செய்வது இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டும், எண்ணெயை நிறுத்துவது கோனோ ஓரிங்கோதான். ஆகவே இந்த மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது. தண்ணீர்க் குழாய் வேலையிலிருந்து வந்த பழக்கம் அது. டேப்பின் நூல் பிரிந்து எண்ணெயோடு போய் வால்வின் உள்ளே நகரும் தண்டான ஸ்பூலில் மாட்டும், அந்த ஸ்பூலுக்கும் அதன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது மைக்ரான் கணக்கில் இடைவெளி.

மரை மாட்டிவிட்டது என்பதால் ஃபிட்டிங் சரி என்று அர்த்தமில்லை என்பதை நான் ஒரு ராத்திரி ஷிப்டில் கற்றுக்கொண்டேன். தோலைச் சூடான தகட்டில் அழுத்தும் எங்கள் பிளேட்டிங் பிரஸ்ஸில் ஒரு பல்க்ஹெட் எல்போ கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. உள்ளே 10 மில்லிமீட்டர் டியூப், கனரக வகை, அதாவது எஸ் சீரீஸ். அவசரத்துக்கு ஒரு கடையில் பழையதைக் காட்டி வாங்கி வந்த எல்போவின் மரையும் எம் 18, பிட்ச் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம்) 1.5. பழைய நட்டு வெண்ணெய் மாதிரி ஏறியது. மெஷினை ஓட்டினோம், ஒழுகவில்லை, எல்லாரும் டீ குடிக்கப் போனோம். முழு அழுத்தம் ஏறியதும் டியூப் எல்போவை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தால் தகட்டுக்குப் பின்னால் எல்லாம் எண்ணெய். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. காரணம் என்னவென்றால், 10 மில்லிமீட்டர் எஸ் சீரீஸுக்கும் 12 மில்லிமீட்டர் எல் சீரீஸுக்கும் (இலகு வகை) மரை ஒன்றேதான், இரண்டுமே எம் 18க்கு 1.5. கொடுத்தது 12 எல். நட்டு ஏறியது, ஆனால் உள்ளே கோன் பெரியது, 10 மில்லிமீட்டர் ரிங்குக்குக் கடிக்க இடமே கிடைக்கவில்லை. கடையில் மரையை மட்டும் பார்த்தார்கள். நாங்கள் அதைக்கூட அளந்து பார்க்கவில்லை.

இதே மாதிரி 20 எஸ், 22 எல் இரண்டுக்கும் எம் 30க்கு 2. ஜேஐசியில் 3/8 அளவின் மரையும் ஓஆர்எஃப்எஸ்ஸில் 1/4 அளவின் மரையும் ஒரே 9/16, 18 புரி. ஜேஐசி 7/8 மரை வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், மெட்ரிக்கில் எம் 22 என்பது 22. வெர்னியர் வைத்தால்கூட ஏமாற்றும், இரண்டு சுற்று ஏறி அப்புறம்தான் இறுகும். பிஎஸ்பி அரை இஞ்சும் அமெரிக்கக் குழாய் மரையான என்பிடி அரை இஞ்சும் இரண்டுமே இஞ்சுக்கு 14 புரி, ஆனால் ஒன்றின் பல் 55 டிகிரி, மற்றது 60. ஆகவே வெர்னியரோடு ஒரு பிட்ச் கேஜும் டூல் பெட்டியில் இருக்கட்டும். வெளிவிட்டம், பிட்ச், கோனின் கோணம், உள்ளே நுழையும் டியூபின் வெளிவிட்டம், இந்த நான்கையும் பார்த்தபிறகுதான் அது இன்ன ஃபிட்டிங் என்று பெயர் சொல்ல வேண்டும்.

இஞ்ச் அளவுகளைப் பற்றி ஒரு சுலபமான வழி. நம் பட்டறைகளில் அரை இஞ்சை நாலு நூல் என்போம், 3/8 என்றால் மூணு நூல், முக்கால் என்றால் ஆறு நூல், ஏனென்றால் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஹைட்ராலிக் காட்டலாகில் டேஷ் 6, டேஷ் 8, டேஷ் 12 என்று போட்டிருப்பது இஞ்சில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. ஆக, நூலை இரட்டிப்பாக்கினால் டேஷ் எண் வந்துவிடும். நாலு நூல் ஹோஸுக்கு டேஷ் 8. பல வருடம் கழித்து இது பிடிபட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஹோஸில் அந்த எண் உள்விட்டத்தைச் சொல்லும், ஸ்டீல் டியூபில் வெளிவிட்டத்தைச் சொல்லும்.

அளவை முடிவு செய்ய எண்ணெயின் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை 21.2ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 12 மில்லிமீட்டர் டியூப், சுவர் 1.5 என்றால் உள்ளே 9. நிமிடத்துக்கு 20 லிட்டர் போனால் வேகம் 5.2, பிரஷர் லைனுக்கு இது பரவாயில்லை. அதே டியூபில் 40 லிட்டரை அனுப்பினால் 10.5, சத்தம் போடும், சுடும். 16 மில்லிமீட்டர் டியூப், சுவர் 2 என்று மாற்றினால் 5.9க்கு இறங்கும், 20க்குப் போனால் இன்னும் நிதானம். பிரஷர் லைனில் 4 முதல் 6, ரிட்டர்ன் லைனில் 2 முதல் 3 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. ரிட்டர்ன் லைனுக்கு ஒரு அளவு பெரியதாகவே போடுங்கள்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை எங்கள் பக்கம் எல்லாரும் கேஜி என்றே பேசுவார்கள், "150 கேஜி ஓடுது" என்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பதும் ஒரு பார் என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், வேலைக்கு வித்தியாசம் பார்க்க வேண்டாம். பிஎஸ்ஐயில் எழுதியிருந்தால் 14.5ஆல் வகுங்கள், 3000 பிஎஸ்ஐ என்பது 207 பார். அழுத்தம் எல்லை மீறாமல் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு எத்தனையில் வைத்திருக்கிறதோ அதற்குமேல் தாங்கும் ஃபிட்டிங்காக, வால்வு சட்டென்று மூடும்போது வரும் அடிக்கும் இடம் விட்டு எடுக்க வேண்டும். ஒரே டியூப் அளவில் எல் சீரீஸைவிட எஸ் சீரீஸ் கூடுதலாகத் தாங்கும், அளவு பெரிதாகப் பெரிதாக இரண்டிலுமே தாங்கும் அழுத்தம் குறையும். எத்தனை பார் தாங்கும் என்பதை நீங்கள் வாங்கும் கம்பெனியின் காட்டலாகில், அந்த அளவுக்கு நேரே பாருங்கள். ஒரு லைனின் பலம் அதில் மிகவும் பலவீனமான துண்டின் பலம்தான், ஃபிட்டிங் 400 தாங்கினாலும் ஹோஸ் 275 என்றால் லைன் 275தான்.

எந்த உலோகம் என்பது எங்கள் ஊரில் உண்மையாகவே யோசிக்க வேண்டிய கேள்வி. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே பார்த்தாலும் தோல் வேலைதான். பச்சைத் தோல் உப்பு போட்டு வருகிறது. அதை ஊறவைக்கும் இடத்தில் தரையெல்லாம் உப்புத் தண்ணீர், அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். அங்கே நிற்கும் மெஷினில் சாதாரண ஜிங்க் பூசிய ஸ்டீல் முதலில் வெள்ளையாகப் பொரிந்து, அப்புறம் சிவப்பாகத் துரு பிடித்து, லாக் நட்டும் உடம்பும் ஒன்றாகிவிடும், கழற்ற கிரைண்டர்தான். ஜிங்க் நிக்கல் முலாம் போட்டது அதைவிட நீண்ட நாள் நிற்கும், விலை வித்தியாசம் தாங்கக்கூடியதுதான், ஈரமான பகுதிக்கு நான் குறைந்தபட்சம் அதைத்தான் கேட்பேன். நேரடியாக உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் ஸ்டெயின்லெஸ் 316. 304 வேண்டாம், 316-ல் இருக்கும் மாலிப்டினம்தான் உப்புக்கு எதிராக நிற்பது, 304-ல் அது கிடையாது. பித்தளை பக்கமே போகாதீர்கள், சல்ஃபைடு அதைக் கறுக்கடிக்கும், இந்த அழுத்தத்துக்கும் அது ஆகாது. ஆனால் ஃபினிஷிங் பகுதியில், காய்ந்த இடத்தில் நிற்கும் பிளேட்டிங் பிரஸ்ஸுக்கு ஸ்டெயின்லெஸ் போடுவது வீண் செலவு, சாதாரண ஜிங்க் ஸ்டீலே பல வருடம் ஓடும். அங்கே கவனிக்க வேண்டியது சூடு. தகடு சுடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஓரிங்கை நைட்ரைல் ரப்பருக்குப் பதில் விட்டான் (Viton) ரப்பராக மாற்றுங்கள். நைட்ரைல் 100 டிகிரியைத் தொடும்போது கெட்டிப்பட ஆரம்பிக்கும்.

ஸ்டெயின்லெஸ் வாங்கினால் மரையிலும் கோனிலும் கட்டாயம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் மரை ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் முன்னும் போகாது, பின்னும் வராது.

மாட்டும்போது தகட்டைப் பற்றியும் யோசியுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தகரத்தில் கனமான எல்போவையும் ஒரு மீட்டர் ஹோஸையும் தொங்கவிட்டால் தகரமே பிரஸ்ஸின் ஒவ்வொரு அடிக்கும் மூச்சுவிடுவது போல உள்ளே வெளியே ஆடும், நட்டு தளரும். பின்னால் ஐந்தாறு மில்லிமீட்டர் பிளேட் ஒன்றை வைத்துக் கெட்டிப்படுத்துங்கள். அதே சமயம் தகடு, கூடுதல் பிளேட், வாஷர், லாக் நட் எல்லாம் போனபிறகும் டியூப் நட்டு முழுக்க ஏற மரை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் அதிகபட்சத் தகட்டுத் தடிமன் இவ்வளவு என்று காட்டலாகிலேயே இருக்கும். துளை மரையைவிட அரை மில்லிமீட்டர் பெரியதாக இருந்தால் போதும். தோள் உட்காரும் இடத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள், தடித்த பெயிண்ட் நாளடைவில் நசுங்கி நட்டைத் தளரவிடும். பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து எல்போ வரிசையாக வருவதாக இருந்தால், துளை போடும் முன் ஸ்பானரை வைத்துத் திருப்பிப் பாருங்கள். நடுவில் இருப்பதைக் கழற்ற நாலையும் கழற்ற வேண்டிய மெஷின் எங்களிடம் ஒன்று இருக்கிறது, அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு ஷிப்ட் போய்விடுகிறது.

எல்போவின் வாயை எந்தத் திசையில் வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, ஒரு ஸ்பானரால் உடம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பானரால் லாக் நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் எல்போவும் கூடவே இருபது டிகிரி சுற்றிக்கொள்ளும், அந்த முறுக்கு ஹோஸில் ஏறும். ஹோஸின் மேல் நீளவாக்கில் ஒரு எழுத்துக்கோடு அச்சடித்திருப்பார்கள், மாட்டியபின் அந்தக் கோடு நேராக ஓடுகிறதா, திருகிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். திருகியிருந்தால் கழற்றி மாட்டுங்கள், வெடிப்பதற்கு முன்னாலேயே அது உங்களுக்குச் சொல்லிவிட்டது. கட்டிங் ரிங் பக்கத்தில் டியூபை நேர்க்கோணத்தில் அறுத்து, பிசிறு எடுத்து, எண்ணெய் தடவி, முட்டும் வரை தள்ளிப் பிடித்து, நட்டைக் கையால் இறுகும்வரை சுற்றி, அங்கே மார்க்கரில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து ஒன்றரைச் சுற்று. கழற்றிப் பார்த்தால் ரிங்குக்கு முன்னால் டியூபின் உலோகம் வரப்பு மாதிரி சுற்றிலும் எழும்பியிருக்க வேண்டும். ரிங்கைக் கையால் சுழற்ற முடியலாம், முன்னும் பின்னும் நகர்த்த முடியக்கூடாது.

கழற்றும் முன் பம்பை நிறுத்துவது மட்டும் போதாது. பிரஸ்ஸின் தகடு கீழே இறங்கி அமர்ந்திருக்க வேண்டும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் இருந்தால் காலி செய்திருக்க வேண்டும், கேஜ் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். ஓடும் மெஷினில் ஊசிமுனைக் கசிவைத் தேட விரலை வைக்கவே வைக்காதீர்கள், ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலிக்கக்கூட வலிக்காது, உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தில் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து வழிகாட்டிய சிஎம்சி நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அங்கே போக ஒரு மணி நேரம் தாமதிக்கவும் காரணமில்லை.

கடைக்கு எழுதி அனுப்பும் சீட்டு இப்போது எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். நான் போன வாரம் எழுதியது இது: "பல்க்ஹெட் எல்போ 90 டிகிரி, 24 டிகிரி கோன், 12 எல், எம் 18க்கு 1.5, இரண்டு முனையும் ஒரே அளவு, ஸ்டீல், ஜிங்க் நிக்கல், தகடு மொத்தம் 8 மில்லிமீட்டர், ஓடும் அழுத்தம் 150 பார், லாக் நட், டியூப் நட்டு, ரிங் சேர்த்து, 4 செட்." பக்கத்தில் கிடைக்காமல் வாலாஜா ரோட்டில் ரயிலேறி சென்னை பாரிமுனைக்குப் போகும் தம்பியிடம் இந்தச் சீட்டோடு பழைய எல்போவையும், அதில் மாட்டும் டியூபில் ஒரு விரல் நீளத் துண்டையும் பேப்பரில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். புதியதை வாங்கியதும் அந்த டியூப் துண்டைக் கடையிலேயே உள்ளே நுழைத்துப் பார்த்து, ஆடாமல் அடிவரை போய் முட்டினால் மட்டும் காசு கொடு என்று சொல்லியிருந்தேன். முதல் கடையில் டியூப் லொடலொடவென்று ஆடியதாம், திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடையில் வாங்கி வந்தான்.